சாட்சி காய வேண்டும்

வலியசாலைத் தெருவுக்கு மின்விளக்கு வந்த வருஷம் எனக்குள்ளும் ஒன்று எரிந்தது. இடி வருமுன்பே அதைக் கண்டு சொல்லும் கருவியை வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். இனி யாரும் என்னைச் சர்க்கார் கச்சேரி குமாஸ்தா என்று சொல்லக்கூடாது. விஞ்ஞானி என்று சொல்ல வேண்டும். முதலில் என் மனைவி விஜயம் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம்.

கருவி எளிது. அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டில், அதன் வாயை அடைத்த மெழுகு, மெழுகு வழியே இறங்கும் பித்தளைக் கம்பி, கம்பி நுனியில் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய தங்கரேக்கு, ஊதினால் பறக்கும் தங்கத்தாள், இரண்டு துண்டு. அரக்குக் குச்சியைக் கம்பளியில் தேய்த்துக் கம்பிக்குப் பக்கத்தில் நீட்டினால், ரேக்குகள் இரண்டும் சண்டை போட்ட ஓரகத்திகள் மாதிரி விலகி நிற்கும். இடிமேகத்தில் இருக்கும் மின்சாரத்துக்கும் அப்படியே விலகும். குச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கும்போதே விலகுகின்றனவோ, அவ்வளவு கூர்மையான கருவி என்று அர்த்தம்.

காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் ஒன்றும் அசையாது. அப்போது இடவப்பாதி மழை, வைகாசி நடுவில் பிடித்தால் விடாத மழை. வீட்டில் காய்ந்த இடம், அடுப்புச் சுவரை ஒட்டிய சின்ன அறை ஒன்றுதான். விஜயத்துக்கும் அதே அறைதான் வேண்டும், மடிப்புடவை உலர்த்த. மடியோடுதான் அவள் சமைப்பாள். குளிக்காதவர்கள் மேலே பட்டால் மடி போச்சு.

"ஏன்னா, தினமும் ஈரப் புடவையோட அடுப்படியிலே நிக்கறேன். அந்த அறையிலே கொடி கட்டணும்."

"அது லேபரட்டரி!"

"என்ன ரட்டரியோ. அந்த ரேக்கு அசைஞ்சு நான் பாக்கலையே."

"ஒரு முழத்திலேர்ந்து அசைச்சுக் காட்டினா?"

"அறை உங்களுக்கு. என் கண்ணாலே பாக்கணும், அவ்வளவுதான். இல்லேன்னா எனக்காக்கும்."

விடுவேனா? மெழுகை மாற்றினேன். பாட்டிலை அடுப்போரம் வைத்துச் சூடாக்கினேன். மூச்சை அடக்கி ரேக்கை நறுக்கினேன்; அடக்கிய மூச்சை விட்டபோது பாதித் தங்கம் என் மூக்கில் ஒட்டியது. முதலில் விரற்கடை தூரம். பிறகு ஒரு சாண். ஒருநாள் காலை, முழு முழத்திலிருந்து அரக்கை நீட்டினேன். ரேக்குகள் விரிந்தன! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விஜயம்! ஓடி வா!"

குளித்த கையோடு வந்தாள். புடவை சொட்டச் சொட்ட, என்மேல் படாமல் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தேய்த்தேன். நீட்டினேன். ரேக்குகள் ஒட்டிக்கொண்டு தூங்கின.

"எங்கே அசையறது?"

"நீ ஈரம்! மத்தியானம் வந்து பாரு."

"மத்தியானம் நீங்க கச்சேரியிலே இருப்பேள்."

"சாயங்காலம்?"

"நீங்க நனைஞ்சுண்டு வருவேள்."

"வேறே என்னதான் பண்ணச் சொல்றே?"

"சாட்சி காயணும்னா புடவை காயணும். புடவை காய இந்த ஒரு எடந்தானே இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். விஞ்ஞான ரீதியில் சரிதான். என் கையாலேயே அந்த அறையில் மூங்கில் கொடி கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை விஜயம் மொடமொடவென்று காய்ந்த புடவையில் அறைக்குள் நின்றாள். நான் அரக்கும் கையுமாக ஓடினேன்.

"அங்கேயே நில்லுங்கோ! குளிக்காம உள்ளே வராதேங்கோ."

"நேத்து வந்தேனே?"

"நேத்து ஈரப் புடவை. பட்டா இன்னொரு முங்கு, அவ்வளவுதான். இது காஞ்ச மடி, கேட்டேளா? பட விடமாட்டேன்."

"குளிச்சுட்டு எதைக் கட்டிக்கறது? என் மடி வேஷ்டி காயலையே?"

"கொடியிலே எனக்கே எடம் பத்தலை. நனைச்சுக் கட்டிண்டா அதுவும் மடிதான், வாங்கோ."

ஜெயிக்கும் நேரத்தில் பின்வாங்குகிறவன் நானில்லை. கிணற்றடியில் குளித்தேன். ஈர வேஷ்டியோடு, நடுங்கிக்கொண்டு நுழைந்தேன். தேய்த்தேன். நீட்டினேன். முழத்திலிருந்து சாணுக்கு வந்தேன். சாணிலிருந்து விரற்கடைக்கு வந்தேன். கடைசியில் கம்பியையே தொட்டேன்.

"அசையலையே" என்றாள் விஜயம், நிஜமாகவே வருத்தப்படுகிறவள் மாதிரி.

இப்போது அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதற்கே நான் உத்தரவு கேட்கிறேன். "குளிச்சாச்சா?" என்கிறாள்.