பச்சை மீன் சாப்பாட்டில் சேருமா?

பிரதான வீதி,
இரத்தினபுரி.
13.10.1997

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய பெரிய மச்சான் சின்னத்துரை அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் பழனிமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கச்சி, மகள் சுதர்சினி மூவரும் மழையோடும் அட்டையோடும் ஒருவிதமாகச் சுகமாக இருக்கிறோம். அங்கே வரக்காப்பொலையில் உங்கள் முழங்கால் வலியும், இராஜம் அக்காவின் சீனி வருத்தமும், கடை வியாபாரமும், முதல் இரண்டு குறைந்தும் மூன்றாவது கூடியும் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை மச்சான். சுதர்சினிக்கு நீங்கள் பார்த்திருக்கும் அரிசிக்கடை முதலாளி மகனுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலுக்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். கோயில் கமிட்டியில் இருபது வருஷம் வழக்குத் தீர்த்த மனுஷன் நீங்கள். உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். சுதர்சினி இங்கே நுஹ்மான் ஹாஜியாரின் மாணிக்கக்கல் ஆபீசில் ஜப்பானுக்கு இங்கிலீஷ் கடிதம் தட்டுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. பேரு ஜனகன். குருவிட்டப் பக்கம் தோட்டத்து ஆளு. ஜப்பான்ல ஏழு வருஷம் இருந்துட்டு வந்து இப்ப எங்க ஹாஜியார்கிட்ட இருக்காரு. நீங்களும் அம்மாவும் ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. பிடிக்கலைன்னா சொல்லிருங்க, நான் வரக்காப்பொலை மாப்பிள்ளைக்கே தலையாட்டுறேன்" என்றாள். நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டேன். ஆனாலும் ஹாஜியாரிடம் இருக்கிறான் என்றால் இந்த ஊரில் எவனும் கல் வியாபாரம் என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். கோட்டுப் போட்டு, கையில் டார்ச் வைத்துக்கொண்டு, நீலக்கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஒரு பையனை மனதுக்குள் செய்து வைத்துக்கொண்டேன். சரி, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறானே, போய்ப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் பிழை.

பார்க்க வரச்சொன்ன இடம் ஹாஜியாருடைய புதுக்கட்டடத்தின் மூன்றாம் மாடி. அங்கே ஜப்பான் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார். ஆமாம் மச்சான், இரத்தினபுரியில்தான். கல் வாங்க வருகிற ஜப்பான்காரர்கள் நம்முடைய சோறு கறியில் கை வைத்தால் இரண்டு நாளைக்கு அறையை விட்டு வெளியே வருவதில்லையாம், வியாபாரம் கெடுகிறதாம். அதனால் கொழும்பிலேயே காணக் கிடைக்காத மாதிரி ஒரு கடை. உங்கள் தங்கச்சி புறப்படும்போதே சொன்னாள்: "சம்பந்தம் பேசி முடியுற வரைக்கும் அந்தப் பக்கம் பச்சைத்தண்ணி குடிக்கக்கூடாதுங்க. கை நனைச்சா வாக்குக் குடுத்த மாதிரி." நான் சொன்னேன், "அது மாப்பிள்ளை வீட்டுக்குத்தான்டி. கடையில சாப்பிட்டா யாருக்கும் வாக்கு இல்ல." இது முறைப்படி சரியா இல்லையா என்பதை இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மாடி ஏறிக் கதவைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே இருந்த ஐந்தாறு பேர் ஒரே குரலில் ஏதோ கத்தினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். உங்கள் தங்கச்சியும் கைப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்துவிட்டாள். சோதனைச்சாவடிக் காலம் நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. பட்டு மெத்தை மாதிரி எதையோ இடுப்பில் கட்டியிருந்த ஒரு பெண் ஓடிவந்து, "அனே மாமே, ஐ.சி. எக்க ஓனே நே!" என்றாள். அட்டை வேண்டாமாம், அது வரவேற்பாம். பார்த்தால் பக்கத்துக் கலவான ஊர்ச் சிங்களப் பெண். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கோயில் மாதிரி நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த விசேஷத்துக்கென்றே வாங்கிய புதுச் செருப்பை இந்த ஊரில் வாசலில் விட்டுவிட்டுப் போக நான் என்ன பைத்தியமா? ஷொப்பிங் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கடைசிவரை மடியில்தான் இருந்தது.

ஹாஜியார் தானே வந்து, "வாங்க மொதலாளி, இருங்க. இண்டைக்கி நீங்க எங்கட விருந்தாளி" என்று எங்களை ஒரு நீளப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனார். சுதர்சினி என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பும் தலையில் துணிக்கட்டுமாக ஒரு சமையல்காரன். அவன் கும்பிட்டான், நானும் தலையை ஆட்டினேன். கோட்டுப் போட்டவன் எப்போது வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்காரன் விரல் நீளத்துக்குச் சோற்றைப் பிடித்து, அதன்மேல் கெலவல்ல என்கிற சூரை மீன் துண்டொன்றை வைத்து என் முன்னால் வைத்தான். "கையாலயே எடுத்துச் சாப்பிடுங்க ஐயா, அப்படித்தான் சாப்பிடணும்" என்றான், நல்ல தமிழில். மீன் பச்சை, மச்சான். வேகவில்லை, பொரியவில்லை. ஐஸில் வைத்து விடியற்காலை நீர்கொழும்பிலிருந்து வருகிறதாம். முப்பது வருஷமாகக் கருவாடு விற்கிறவன் நான், மீனை அந்தக் கோலத்தில் பார்த்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன்.

நல்லாயிருந்தது. உங்களிடம் ஏன் பொய்? வெண்ணெய் மாதிரிப் போனது. இடது பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் மெல்லுவதை அவன் ஒரு தடவைதான் பார்த்தான். இரண்டாவது துண்டிலிருந்து எனக்கு மட்டும் பாதி அளவாக, மெல்லிசாக வெட்டி வைத்தான். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடைத்தான். கோட்டுக்காரன் வந்தால் இந்தச் சமையல்காரனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் தங்கச்சி கதை வேறு. பலகை ஓரத்தில் பச்சையாக ஒரு சின்ன உருண்டை இருந்தது. புதினாச் சட்னி என்று நினைத்து அப்படியே வாயில் போட்டுவிட்டாள். ஒரு நிமிஷம் அவள் பேசவில்லை; கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இது முதல் தடவை. பிறகு கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் கொட்டுகிறது. நான் சண்டைக்கு எழும்பிவிட்டேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தி, மூச்சை ஒருதரம் ஆழமாக இழுத்துப் பார்த்து, "ஏங்க, மூக்கு தொறந்திருச்சுங்க!" என்றாள். பத்து வருஷப் பீனிசம் மச்சான்! கொழும்பு டாக்டரே கைவிட்டது. "தம்பி, இதில கொஞ்சம் வீட்டுக்குக் கட்டித் தர முடியுமாப்பா?" என்று அவனையே கேட்டாள். அவன் சிரிக்காமல், "தாறேம்மா, ஆனா கடுகளவுதான் எடுக்கணும்" என்றான்.

பொறுமை போய், "எங்கடி உன் ஆளு? மணி ஒண்டரை ஆச்சு. பெரியவங்களக் காக்க வைக்கிறதுதான் ஜப்பான்ல படிச்சதா?" என்று சுதர்சினியைக் கேட்டேன். அவள் தலை நிமிராமல், "முன்னுக்கு நிக்கிறவர்தான் அப்பா" என்றாள். நான் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். "பின்னுக்கு இல்ல, முன்னுக்கு" என்றாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கும்பிட்டான். என் கையில் பாதி கடித்த துண்டு. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. விழுங்கினேன். செருப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மெயின் ரோட்டில் இறங்கி நடந்தேன். பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் செருப்பு பையில் இருப்பது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கச்சி தீர்ப்பை வாசித்துவிட்டாள். "பதினொரு துண்டு. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பொண்ணப் பெத்தவரு, பேச்சு முடியுறதுக்கு முன்ன அந்தப் பையன் கையாலயே பதினொரு தடவை வாங்கித் தின்னுட்டீங்க. இனிமே இல்லேன்னு சொன்னா குடும்பத்துக்கு ஆகாது." மூக்கு திறந்ததிலிருந்து அவள் கட்சி மாறிவிட்டாள். சுதர்சினி, "நான் குடுத்த வார்த்தை வார்த்தைதான் அப்பா. பிடிக்கலைன்னு ஒரு சொல் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அந்த ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. ஆனால் வந்துதான் ஆக வேண்டும். பீ.கொம். படித்த பிள்ளையைச் சட்டி பானை பிடிக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு நான் இந்தக் கடைத்தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது?

ஆகையால் என் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். ஒன்று, மீன் பச்சை. அடுப்பில் ஏறாதது எதுவும் சாப்பாட்டில் சேராது. வெற்றிலை போட்டால் சாப்பிட்டதாக யாராவது சொல்வார்களா? "அப்ப சோறு?" என்கிறாள் உங்கள் தங்கச்சி. ஆறிப்போனது, புளிப்பு வினாகிரியும் சீனியும் போட்டது, குழம்பு கிடையாது, ரசம் கிடையாது. அதைச் சோறு என்பது சோற்றுக்கே அவமானம் மச்சான். அடுத்தது, யார் கையால் சாப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் கொடுத்த வாக்கு எப்படி வாக்காகும்? சாமி கூடத் தெரியாமல் செய்ததை மன்னிக்கும். நீங்கள் மட்டும் "செல்லாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அதை இவர்கள் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டிவிடுவேன். அரிசிக்கடைக்காரருக்கும் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள்.

இராஜம் அக்கா சீனி இல்லாத தேத்தண்ணிக்குச் சீக்கிரம் பழகட்டும். உங்கள் வீட்டுச் சின்னது பெரியது எல்லாருக்கும் எங்கள் அன்பு. முருகன் உங்கள் முழங்காலுக்குக் காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்,
பழனிமுத்து

பி.கு.: செவ்வாய், பின்னேரம். அரிசிக்கடைக்காரரிடம் எதுவும் சொல்லாதீர்கள். சொல்லியிருந்தால் திருப்பி வாங்குங்கள். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. இன்று மத்தியானம் நான் இந்தக் கடிதத்துக்கு முத்திரை தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் என் கடைக்கு வந்தான். தலைக்கட்டு இல்லாமல் அடையாளமே தெரியவில்லை. உள்ளே வராமல் கருவாட்டு மூட்டைக்கு அந்தப் பக்கமே நின்று, "ஐயா, ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட்டதை நான் சம்மதமா எடுத்துக்கலைங்க. யாருன்னு சொல்லாம வச்சது என் தப்பு. தெரியாம சாப்பிட்டது சேராதுங்க. அதை வச்சு நான் பொண்ணு கேக்க மாட்டேன்" என்றான். நான் உங்களிடம் கேட்ட தீர்ப்பு அப்படியே அவன் வாயிலிருந்து வந்துவிட்டது மச்சான். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. மணி பன்னிரண்டரை. "சாப்பிட்டியாப்பா?" என்றேன். "இல்லைங்க" என்றான். "அப்ப வீட்டுக்கு வா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். "உங்க வீட்டில நான் சாப்பிடக்கூடாதுங்களே ஐயா, அது வேற அர்த்தமாயிரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். வந்ததே எனக்குக் கோபம்! என் வாசலுக்கு வந்தவன் பசியோடு போவதா? கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு, சுடுசோறு. உங்கள் தங்கச்சி கரண்டியை எடுத்தாள், நான் பிடுங்கிக்கொண்டேன். மூன்று தடவை சோறு போட்டேன் மச்சான், மூன்று தடவையும் தெரிந்தேதான் போட்டேன்.