பென்டிரைவ் சேரும் உவர்க்கிணறுகளும்

வன்னி முழுக்கத் தேடினாலும் பென்டிரைவ் சேரைப் போல ஒரு தாராளப் பிரபுவைக் காண முடியாது, அவரைப் போல ஒரு கஞ்சரையும் காண முடியாது. மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டால் பெற்றோல் அடித்துத் தருவார். மதியச் சாப்பாட்டில் பங்கு கேட்டால் மீன் பொரியல் முழுதும் உங்கள் பக்கம் வந்துவிடும். "சேர், அந்தக் கிணத்துத் தண்ணி டேட்டா..." என்று இழுத்தால் மட்டும் மனிதருக்கு அந்த நிமிடமே காது கேட்காமல் போய்விடும்.

கிளிநொச்சியில் எங்கள் ஆய்வு நிலையத்தில், ஜெயபுரம் பக்கத்துக் கிணறுகளில் எது உவர், எது நல்ல தண்ணி என்று வருடக்கணக்காக அளந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அத்தனையும் ஒரு பென்டிரைவில். பென்டிரைவ் கறுப்பு நூலில் அவர் கழுத்தில். ஒருமுறை கோயிலில் சட்டையைக் கழற்றியபோது, ஐயர் அதைத் தாயத்து என்று நினைத்து விபூதி பூசிவிட்டார். அதற்குப் பிறகு அது எந்தக் கணினியிலும் முதல் தடவையில் திறந்ததில்லை.

தர்சினி புதிதாக வந்த ஆய்வாளர். ஜெயபுரத்தில் பொதுக்கிணறு வெட்ட இடம் காட்டும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. பிழையான இடத்தைக் காட்டினால், சனம் இன்னும் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் கேட்டுக் கேட்டுக் களைத்த பிறகு, சேர் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார். எண்கள் எல்லாம் இருந்தன. எந்த எண் எந்தக் கிணறு என்பது மட்டும் இல்லை.

"இதை வச்சு நான் என்ன செய்யிறது, சேர்?"

"சும்மா பாக்கலாம்தானே, பிள்ளை."

தர்சினிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட பேரைப் போடாமல் கட்டுரை எழுதிப்போடுவன் எண்டு பயமோ? ஊர் உலகமெல்லாம் டேட்டாவை இணையத்தில போட்டுவிடினம், ஆரும் எடுக்கலாம் எண்டு!"

"கட்டுரையை நீயே எழுது பிள்ளை. நான் அளக்கப் போன நேரம் அந்த வீடுகளில அக்காமார் கேட்டவை, 'தம்பி, மகளுக்கு இந்தக் காணியும் கிணறும்தான் சீதனம். உவர் எண்டு வெளியில சொல்லிப்போடாதேங்கோ' எண்டு. நான் ஓம் எண்டனான்."

தர்சினியின் கோபம் இறங்கிவிட்டது. "அப்ப அவையளிட்டயே போய்க் கேப்பம், சேர்."

சேர், தர்சினி, நான் என்று மூவரும் போனோம். முதல் வீட்டில் தேநீர் வந்தது. உப்புக் கரித்தது. சேர் "அருமையான தேத்தண்ணி, அக்கா" என்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, கிணறு உவர் என்பதை இனி வெளியில் சொல்லலாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன தம்பி நீங்கள்! மகளுக்குக் கலியாணம் முடிஞ்சு பேரனும் பள்ளிக்கூடம் போறான். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக் குடிச்சுக் கண்டுபிடிச்சிட்டினம். நீங்கள் இன்னும் அதைக் கழுத்தில கட்டிக்கொண்டு திரியிறியளோ?"

சேரின் முகத்தில் அசடு வழிந்தது. வீட்டுக்கு வீடு அதே தேநீர், அதே சிரிப்பு. ஒரேயொரு வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "கடைசிப் பெட்டைக்கு இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை, தம்பி. வேண்டாமே" என்றார் அந்த வீட்டு அம்மா. சேர் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

அன்று பின்னேரமே அந்த வீட்டுக் கிணற்றின் வரியை மட்டும் அழித்துவிட்டு, பென்டிரைவை நூலோடு கழற்றித் தர்சினியிடம் கொடுத்தார். பொதுக்கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது. தரவெல்லாம் இப்போது இணையத்தில் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம். ஒரு வரி வெறுமையாக இருப்பதைக் கண்டு, அது எந்தக் கிணறு என்று மேலிடத்திலிருந்து விசாரித்தார்கள். "மறந்துபோச்சு" என்றார் சேர். பக்கத்தில் நின்ற தர்சினிக்கும் மறந்துவிட்டது. எனக்கும்தான்.

எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்கிற காலம் இது, நல்லதுதான். ஆனாலும் எனக்கென்று மறைத்து வைக்க ஏதாவது இருந்தால் சேரிடம்தான் கொடுத்து வைப்பேன். அவர் கழுத்து இப்போது சும்மாதானே இருக்கிறது.