பதினொரு மணிக்கு ஊதிய சைரன்

பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கியே பழகினவன் கையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அவன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். (ஒன்பதாவது ஃபெயில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் என் படிப்பு.)

அண்ணன் எழுதிய புரோகிராம் ஒன்று, தினமும் சாயங்காலம் எல்லோருடைய வருகையையும் ஃபிளாப்பியில் ஏற்றும். முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். அது சைபராக இருந்தால் இன்னொரு புரோகிராம் ஷிப்ட் முடிந்ததாகச் சைரனை ஊதும். கோளாறு என்னவென்றால், ஃபிளாப்பியே போடாவிட்டாலும் சைபரைத்தான் விடும். சைரன் ஊதும், ஜனம் வீட்டுக்குப் போய்விடும், வருகை மட்டும் எங்கேயும் இருக்காது. அண்ணனும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்துகொண்டு, "எல்லாம் சரியாப்பூடுச்சும்மா" என்பான்.

இன்றைக்குள் சரி பண்ணு, இல்லாவிட்டால் இதை அழித்துவிட்டு வேறு வாங்குகிறேன் என்றார் மேனேஜர். அண்ணன் எழுதியதில் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான்.

திறந்து பார்த்தேன். ஏறினாலும் சைபர், ஏறாவிட்டாலும் சைபர். சைபர் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? ஃபெயில். அதனால் ஏறினால் ஒன்று, ஏறாவிட்டால் சைபர் என்று மாற்றினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஃபிளாப்பி போடாமல் ஓட்டிப் பார்த்தேன். ஊதக் கூடாது.

ஊதியது. காலை மணி பதினொன்று.

லேத் மெஷின்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் கை கழுவினார்கள், திறக்காத டிபன் கேரியரோடு கிளம்பினார்கள். ஒருத்தராவது கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடிப்போய்க் கேட்டில் குறுக்கே நின்றேன். லேத் முருகேசண்ணன் என் தோளைத் தட்டினார். "உங்கண்ணன் வெச்ச சைரன் பொய் சொல்லாதுடா. நவுரு."

காலியான ஷெட்டுக்குள் மேனேஜர் வந்தார். "ஏனப்பா, ஃபேக்டரியவே காலி பண்ணிட்டியே?"

"சைபர்னா ஃபெயில்தானே சார்" என்றேன், மூக்கு ஒழுக.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது மார்க் இல்லப்பா. தப்பு எத்தனைன்னு சொல்லுது. சைபர்னா தப்பே இல்ல" என்றார்.

எண்களை இடம் மாற்றினேன். ஃபிளாப்பி இல்லாமல் ஓட்டினேன், சைரன் வாயைத் திறக்கவில்லை. போட்டு ஓட்டினேன், ஊதியது. (கேட்கத்தான் ஆளில்லை.) அண்ணன் புரோகிராமை மேனேஜர் அழிக்கவில்லை.

ஸ்ரீராம்புரம் வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். அண்ணன் போனபிறகு அன்றுதான் முதல் தடவை.

இப்போதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றால், கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"ஃபிளாப்பி போட்டியா, இல்ல சும்மா ஊதறியா?"