ஒன்பது புள்ளிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒரு புள்ளிக்காகச் சோறு தண்ணீர் மறந்த மனுஷர் ஒருவர்தான். எண்பதுகளில் நான் வேலை பார்த்த கிணற்றுநீர்ச் சோதனைக் கந்தோரில், இருந்த ஒரேயொரு கணினிக்கு அவர்தான் பொறுப்பு. ‘புள்ளியார்’ என்று பெயர் வைத்த பாவி நான்தான்.

கிணறுகளின் உப்பளவு 7.4183926 என்று வால் நீண்டு வரும். இரண்டு தசமம் போதும் என்றார் மேலதிகாரி. புள்ளியார் கணினிக்கு ஒரு வடிவம் எழுதிக் கொடுத்தார்: இலக்கங்கள், ஒரு புள்ளி, பிறகு இரண்டு இலக்கம், மிச்சத்தை வெட்டு. ஆனால் அந்த வடிவத்தில் வெறும் புள்ளி போட்டால், ‘இந்த இடத்தில் எது வந்தாலும் சரி’ என்று அர்த்தமாம். உண்மையான புள்ளிதான் வேண்டுமென்றால் முன்னால் ஒரு சாய்கோடு போடவேண்டும். மனுஷர் மறந்துபோனார். கணினி கிணற்று எண்களின் நடுவில் இருந்த இலக்கத்தையும் புள்ளியாக எடுத்து, நீர்வேலி 2475ஆம் கிணறு 2.75 ஆகிவிட்டது.

“இரண்டே முக்காலாவது கிணறு எங்கை காணும் இருக்கு?” என்று மேலதிகாரி கத்தினார்.

“மூண்டாவது கிணத்துக்குக் கொஞ்சம் இஞ்சாலை, சேர்!” என்றேன் நான். புள்ளியார் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இருந்து திருத்தினார்.

அந்த வருடம் ஒரு சுற்றிவளைப்பில் அவருடைய தம்பியை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து, தெற்கே தடுப்பு முகாம்களில் இருப்பவர்களின் பட்டியலை ஒரு ஃபாதர் கொண்டுவந்தார். புள்ளியாரே இருந்து அதைக் கணினியில் ஏற்றினார். பெயர்களை வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தார்கள். அடையாள அட்டையின் ஒன்பது இலக்க எண்ணை வைத்துத்தான் தேடலாம்.

தம்பியின் எண்ணைக் கொடுத்தார். இல்லை.

“எழுதினவன் கடைசி இலக்கத்தைப் பிழையா எழுதியிருப்பான், தங்கச்சி” என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துத் தேடினார். இல்லை. மறுநாள் அதற்கு முன் இலக்கத்துக்கும் புள்ளி. இப்படி நாளுக்கு ஒன்று. ஏழாம் நாள், பிறந்த வருடத்தைக் காட்டும் முதல் இரண்டு இலக்கம்தான் மிச்சம்; தம்பி பிறந்த வருடத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். அவர்களிலும் அவன் இல்லை.

“காணும் அண்ணை, விடுங்கோ” என்று கெஞ்சினேன். கேட்டால்தானே!

ஒன்பதாம் நாள் ஒன்பது இலக்கமும் புள்ளி. பட்டியலில் இருந்த அத்தனை பேரும் திரையில் வந்து நின்றார்கள். புள்ளியார் ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார்.

“எல்லாம் ஆரோ ஒருத்தற்றை தம்பிமார்தானே. வீட்டுக்காரருக்குத் தெரியுமோ என்னவோ. வாரும், போய்ச் சொல்லுவம்.”

பெயர்களைச் சொல்லி விசாரித்துக்கொண்டு சைக்கிளில் குருநகருக்குப் போனோம். முதல் வீட்டில், “உங்கடை மகன் உயிரோடை இருக்கிறார், அம்மா” என்றார். அந்தத் தாய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“உன்னைப் பெத்தவள் குடுத்துவைச்சவள், ராசா.”

“ஓம் அம்மா” என்றார்.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஏறத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவர் அழுது முடியுமட்டும் நின்றேன்.