சிவப்பு டப்பில் குட்டிகள்

விடிந்ததும் ஜீவானந்தம் கொட்டகைப் பூட்டைத் திறந்தான். தீவனம் நனைக்கிற சிவப்பு டப்புக்குள் நான்கு முயல் குட்டிகள் கிடந்தன. முடி முளைக்காத, சுண்டுவிரல் நீளக் குட்டிகள். எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்க்க, வரிசையாக விறைத்திருந்தன.

"பூனை வேலைய்யா," என்றாள் அவன் மனைவி சாரதா.

"பூனை இப்டி அடுக்கி வெக்குமா?"



ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்த நைட் ஷிஃப்ட் செக்கிங் வேலையை உதறிவிட்டு, பி.எஃப். பணத்தில் படப்பையில் வீட்டுக்குப் பின்னால் அவன் போட்ட கொட்டகை அது. கோடையில் கிடா சூட்டில் சோர்ந்து, ஒரு பெட்டைகூடச் சினை பிடிக்கவில்லை. மழை வந்த பிறகு பெட்டைகளை ஒவ்வொன்றாகக் கிடாவின் கூண்டுக்குத் தூக்கிப் போய்ச் சேர்த்தான். இப்போதுதான் எல்லாம் ஈன்றிருந்தன, கூண்டுக்குள் வைத்த ஈற்றுப் பெட்டிகளில் தங்கள் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தை போட்டு.

"இந்த ஈத்தும் தேறலன்னா கம்முனு நைட் ஷிஃப்ட்டுக்குப் போய்டணும்," என்று சாரதா கெடு வைத்திருந்தாள். கான்ட்ராக்டரிடமும் பேசிவிட்டாள். விடிய விடிய வெள்ளை விளக்கின் கீழே பிளாஸ்டிக் கிளிப்பைப் புரட்டிப் பார்ப்பதற்குச் செத்துப்போகலாம் என்பது அவன் கட்சி.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான்.

"தாய் மிரண்டா குட்டியக் கடிச்சிடும். கடி இருக்கா?"

"ஒரு கீறல்கூட இல்ல சார்."

"அப்ப யாரோ எடுத்து வெளிய போட்டிருக்காங்க. கதகதப்பு போனா செத்துடும்."

ஜன்னலுக்கு வலை அடித்தான். புதுப் பூட்டு வாங்கி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். மறுநாள் பூட்டு பூட்டியபடியே இருந்தது. டப்பில் முந்தின நாளைவிட அதிகக் குட்டிகள் விறைத்துக் கிடந்தன. பெட்டிகளில் மிஞ்சியவை எல்லாம் ஒரே அளவில் இருந்தன, அச்சில் வார்த்த மாதிரி.

கட்டிலைக் கொட்டகைக்குள்ளேயே போட்டுப் படுத்தான். காவல் காக்க வந்தவன் அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். விடிந்தபோது ஒரு பெட்டி முழுசாகக் காலி.

"காவலா காத்த? கொறட்ட வுட்டுகினு கெடந்திருப்ப!"

சாரதா கூண்டுக்குக் கூண்டு எலுமிச்சம்பழம் கட்டினாள். தரையெல்லாம் அடுப்புச் சாம்பலைத் தூவி, கொட்டகையைப் பூட்டச் சொல்லி அவனை வீட்டில் படுக்க வைத்தாள். காலையில் இருவரும் சேர்ந்துதான் உள்ளே பார்த்தார்கள்.

சாம்பலில் ஷூ தடம். ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, ஓரடி நகர்ந்து, மறுபடி நின்ற தடம். டப்பில் குட்டிகளோடு அதே வரிசையில் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது. எடுத்துப் பார்த்தான். சொத்தை.

"இது கம்பெனி சேஃப்டி ஷூ தடம்டீ," என்றான். "என்னுது பரண் மேல கோணில கட்டிக் கீது."

"கம்பெனில செத்தவன் எவனோ உன் பின்னாடியே வூடு வரைக்கும் வந்துட்டான்யா!"

ஜீவானந்தம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பேயோடு போட்டி போட்டுப் பண்ணை நடத்த முடியாது.

மாடிப் போர்ஷன் ரகுபதி வாயில் பிரஷ்ஷோடு படியிறங்கி வந்தான். சுங்குவார்சத்திரம் பக்கம் செகண்ட் ஷிஃப்ட் முடித்து, ஊர் அடங்கிய பிறகு வீடு திரும்புகிறவன்.

"இன்னாண்ணா, டல்லாகீறீங்க?"

"தோத்துட்டேன்பா. நாளையிலேர்ந்து நைட் ஷிஃப்ட்டுக்குப் போறேன்."

ரகுபதி பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

"நாளையிலேர்ந்தா? அப்ப தெனம் நான் வர்றப்போ, ஷூ, தொப்பியெல்லாம் மாட்டிகினு, குட்டிங்கள டியூப்லைட்ல புரட்டிப் புரட்டிப் பாத்து, 'ரிஜெக்ட், ரிஜெக்ட்'னு டப்புல போட்டுகினு இருந்தீங்களே, அது இன்னாண்ணா, ஓ.டி.யா?"