வாத்துப் படகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பாசத்துக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் மகளும் நானும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது.

போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. இந்த மூலையில் இருமினால் அந்த மூலையிலிருந்து உங்கள் மகள் மாத்திரையோடு வந்து நிற்பாள். அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான்: இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்க முடியுமா என்று அவளை ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒரு போன் போட்டு, "போதும்மா, கிளம்பி வா" என்று சொன்னால் உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நான் சொன்னால் எடுபடாது மாமா. நீங்கள் அப்பா.

அவளுக்கு வேலை கிடைத்த இந்த வெளிநாட்டு ஊருக்கு நான் கூடவே வந்தவன். சமைக்கிறேன், துவைக்கிறேன், லிஃப்டில் மேலும் கீழும் போய் வருகிறேன். அதிலெல்லாம் எனக்கு அலுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்கிறது. விடிந்ததும் விடியாததுமாக, "கிளம்புங்க, வெளியில போயிட்டு வரலாம்" என்று என் ஷூவை எடுத்து வைத்துவிடுவாள். பூங்கா, மியூசியம், கோட்டை, மறுபடியும் பூங்கா. மியூசியத்தில் உடைந்த பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் வீட்டில் உடைத்ததற்கு யாரும் இந்த மரியாதை செய்ததில்லை. கோட்டையில் ஏறி உச்சிக்குப் போனதும் மழை, இறங்கினதும் வெயில். முட்டி இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும்போல இருக்கும். ஆனாலும் அவள் ஆசைப்படுகிறாளே என்று "பிரமாதம், பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போவேன்.

போன ஞாயிறு ஏரி. வாத்து மாதிரி கட்டின பெடல் படகு, ரெண்டு பேர் உட்கார்ந்து காலால் மிதிக்கணும். நடு ஏரிக்குப் போனதும் பெடல் "கடக்" என்றது. அவ்வளவுதான், வாத்து காற்றடிக்கிற பக்கமெல்லாம் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் துண்டை எடுத்து ஆட்டினேன். கரையில் இருந்தவர்கள் பதிலுக்குச் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். கடைசியில் படகுக்காரர் மோட்டார் படகில் வந்து, கயிற்றைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு இந்த ஊர் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். தெருவில் எதையாவது விற்க வருகிறவர்களிடம் சொல்வதற்காக உங்கள் மகள் சொல்லிக்கொடுத்தது. பதற்றத்தில் அதுதான் வாயில் வந்தது. "வேண்டாம், ரொம்ப நன்றி." அவரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் மகள் குனிந்து பெடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"என்ன கேட்டார்?"

"கயிறு போடட்டுமான்னு கேட்டார்போல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். போய்க்கொண்டிருந்த படகுக்காரரைக் கூப்பிட்டு அவள் கத்தின கத்தல் மோட்டார் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். சிரித்தாள் மாமா. சிரித்துச் சிரித்து, பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள்.

"எனக்கு இந்தச் சுத்தற வேலையே பிடிக்கலைங்க. வாரம் பூரா நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கீங்களேன்னுதான் உங்களை இழுத்துட்டு வர்றேன்."

"அடிப்பாவி, நான் உனக்காகத்தானே வந்தேன்!"

"ஆபீஸ்ல என்னோட யாரும் பேசறதில்லைங்க. மத்தியானம் மாடிப்படியில தனியா உக்காந்து சாப்பிடறேன். சொன்னா நீங்க உடனே மூட்டையைக் கட்டிருவீங்க."

டிபன் பாக்ஸ் தினமும் காலியாகத் திரும்பி வருவதைப் பார்த்து, என் கைப்பக்குவம் என்று நான் பூரித்துப்போயிருந்தேன். அவள் யாருமில்லாமல் உட்கார்ந்து தின்றாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாத்து பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏரியை மூடும்போது ஒரு வாத்து குறைகிறதே என்று படகுக்காரரே தேடிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மகள் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆகவே மாமா, அவள் அங்கே தனியாகச் சாப்பிடுகிறாள், நான் இங்கே தனியாகச் சாப்பிடுகிறேன். இதற்கு எதற்கு ஒரு வெளிநாடு? நீங்கள் போன் போட்டே ஆகணும். கொஞ்சம் அதட்டியே சொல்லுங்கள். நான் எழுதினதாக மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும், அதில் பெரும் பங்கு என் முட்டிகளுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இதை எழுதின மறுநாள் மத்தியானம், தபாலில் போடுவதற்கு முன்னால், என் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு அவள் ஆபீஸுக்குப் போனேன். மாடிப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வாரம் முழுக்க அப்படியே. நேற்று அவளுடைய மேலதிகாரியம்மா தன் டப்பாவோடு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவரும் இத்தனை நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இன்று கணக்குப் பிரிவுக்காரரும் வந்துவிட்டார். படியில் ஏறி இறங்குகிறவர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். அவள் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொல்லச் சொன்னது நான்தான். ஆகவே அதட்ட வேண்டாம். இதைக் கிழித்துப் போட்டிருப்பேன், உங்கள் மகள் கண்டுபிடித்துப் படித்துவிட்டு, "அனுப்புங்க, அப்பா சிரிப்பார்" என்கிறாள். கூடவே ஒன்று சேர்க்கச் சொல்கிறாள்: போன் எப்போது வேண்டுமானாலும் போடலாமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வேண்டாமாம். நாங்கள் தூங்குவோம்.