நடுநிலைத் துறையில் ஒரு மாவுப் படகு

சுல்தானின் பேரரசு இந்தப் போரில் யார் பக்கமும் இல்லை என்று தலைநகரிலிருந்து தந்தி வந்த காலையில் நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கடலோர ஊரான ராஸ் சம்மாக்கில் இருப்பது ஒரே ஒரு ரொட்டி அடுப்பு, அது என்னுடையது. செய்தி கேட்டு ஊரே மகிழ்ந்தது. ஐரோப்பாக்காரன் அடித்துக்கொண்டு சாகட்டும், நாம் ஆலிவ் பறிக்கலாம் என்று நானும்தான் சொன்னேன்.

ஆனால் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை எங்களுக்குக் காட்டியவர் துறைமுக அதிகாரி ரெஃபிக் எஃபெந்தி. சம்பந்தப்பட்ட இரு தரப்பாரையும் சகல விஷயங்களிலும் சரிசமமாக நடத்த வேண்டும் என்பது அவருக்கு வந்த ஆணை. ‘சகல’ என்ற சொல்லை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் துறைமுகம் என்பது கடலுக்குள் நீட்டிய ஒரு கல்பாலம், அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் பாறை. ஒரு வெள்ளிக்கிழமை பாலத்தின் வடக்குப் பக்கத்தில் ஜெர்மானியரின் சிறு நீராவிக் கப்பல் ஒன்று வந்து நின்றது. அவர்களுடைய போர்க்கப்பல்களுக்கு நிலக்கரி சுமக்கிற கப்பல். வயிறு நிறைய கரி இருந்தது, மாலுமிகளுக்குத் தின்ன ஒன்றுமில்லை. மறுநாள் தெற்குப் பக்கத்தில் ஆங்கிலேயரின் கப்பல் வந்தது. அவர்களுடைய போர்க்கப்பல்களுக்குச் சாப்பாடு சுமப்பது. பிஸ்கட்டும் தகர டப்பா இறைச்சியும் மலைபோல் இருந்தன, அடுப்பில் போட ஒரு துண்டு கரி இல்லை.

எஃபெந்தி இருவரையும் விருந்தினராக ஏற்றார். ஹோல்ஸ்ட் என்ற ஜெர்மன் கப்பித்தானுக்கு ஒரு கிண்ணம் காப்பி கொடுத்தால், பிரைஸ் என்ற ஆங்கிலக் கப்பித்தானுக்கும் அதே அளவு, அதே நுரையோடு. நுரை குறைந்த கிண்ணத்தை அவரே குடித்துவிடுவார். அந்த வாரம் அவருக்குத் தூக்கமே இல்லை.

மீசையையும் அவர் மறக்கவில்லை. வலது பாதியை ஜெர்மானியர் போல மேலே முறுக்கினார், இடது பாதியை ஆங்கிலேயர் போல ஒட்ட வெட்டினார். பத்து நாளில் ஊர் இளவட்டங்கள் அத்தனை பேருக்கும் அதே மீசை. எனக்கு மாவு பிசைகிறவன்கூட அரை மீசையோடு வந்து நின்றான். நாகரிகம் என்றான்.

பிறகு சரக்கு விஷயம். நடுநிலை நாடு போருக்கு உதவக் கூடாது. ஆனால் வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதும் மரபல்ல. எஃபெந்தி யோசித்தார். ஜெர்மன் கப்பலின் கரியைத் துறைமுகக் கிடங்குக்கு வாங்கினார், ஆங்கிலக் கப்பலின் பிஸ்கட்டையும் வாங்கினார். இரண்டின்மேலும் பேரரசின் முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்ததும் அவை நடுநிலைப் பொருள்கள் ஆகிவிட்டன. பிறகு கரி ஆங்கிலேயருக்கும் பிஸ்கட் ஜெர்மானியருக்கும் போயின. எதிரியின் வயிற்றை எதிரியே நிரப்பினான், இருவரும் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். கிடங்கு வழியாக அத்தனை பெட்டி போயும் ஊர்க்காரன் வாயில் ஒரு பிஸ்கட் விழவில்லை.

கப்பல்கள் கிளம்பவும் இல்லை. முதலில் ஒன்றை அனுப்பினால் அதற்குச் சலுகை காட்டியதாகும். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் துறை வாசலிலேயே சண்டை வரும். ஆகவே இரண்டும் நின்றன.

இந்த நேரத்தில்தான் என் தங்கை பஹிய்யாவின் புருஷன் மஹ்ரூஸ், மெர்சின் துறைமுகத்திலிருந்து ஊருக்கான மாவோடு பாய்மரப் படகில் வந்து சேர்ந்தான். என்னிடம் மாவு தீருகிற நிலை. ஊர் முழுக்க அந்தப் படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. படகைத் துறைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் எஃபெந்தியிடம் ஓடினேன்.

“எஃபெந்தி, அது நம்ம ஊரு படகு. உள்ள விடுங்க.”

“எந்தப் பக்கம் கட்டுறதுப்பா? வடக்க கட்டினா ஜெர்மன்காரனோட சேர்ந்த மாதிரி. தெக்க கட்டினா இங்கிலீஷ்காரனோட சேர்ந்த மாதிரி.”

“நம்ம துறைமுகத்துல நம்ம படகு நிக்க இடமில்லையா?”

“நம்ம படகுங்கிறதாலதான் இடமில்ல. சண்டை போடுறவனுக்கு ஒரு பக்கம் உண்டு. நாம நடுநிலை. நமக்கு ஏதுப்பா பக்கம்?”

“அப்ப சின்னத் தோணியில மூட்டையை இறக்கிக்கறேன்.”

“துறைக்கு வராம இறங்கினா அது கள்ளக்கடத்தல். உன்னைப் பிடிச்சு உள்ள போடணும். எனக்குப் பிடிச்ச ரொட்டிக்காரன் நீ. அந்தப் பாவத்தை எனக்குக் குடுக்காத.”

அவர் கண் உண்மையிலேயே கலங்கியது. நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

ரொட்டி பாதியாயிற்று, பிறகு கால். என் கடை வாசலில் பெண்கள் விடியுமுன்பே வந்து நின்று என்னைத் திட்டினார்கள். பஹிய்யாவும் வந்தாள். “அண்ணே, அவரு மாவு மூட்டை மேல படுத்திருக்காரு, இங்க எம்புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க. ஆம்பளைங்க எல்லாம் அரை மீசை வச்சிக்கிட்டு என்ன பண்றீங்க?” என்றாள். எனக்கு முழு மீசைதான். ஆனாலும் சுருக்கென்றது.

தோணியில் போய் மஹ்ரூஸிடம் சொன்னேன்: “மச்சான், இந்த ஊருல சண்டைக்காரனுக்குத்தான் மரியாதை. நீயும் சண்டைக்காரனாயிடு.”

“நல்ல யோசனை மச்சான். கொடிக்கு எங்க போறது?”

பஹிய்யாவின் கோடு போட்ட மெத்தை உறை கொடியாயிற்று. மறுநாள் அது பறக்க, மஹ்ரூஸ் நேராகத் துறைக்குள் வந்தான். எஃபெந்தி தலையில் குல்லாவைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார்.

“தாங்கள் போரிடும் தரப்பா?” மரியாதை அதற்குள் ஏறிவிட்டது.

“ஆமா எஃபெந்தி.”

“யாரோடு போர்?”

“அது இன்னும் முடிவாகல. இப்போதைக்குப் போர் மட்டும்தான்.”

“பரவாயில்லை. பெரிய பெரிய அரசாங்கங்களுக்கே அது பின்னாலதான் தெரியவருது.”

பாலத்தின் முனையில், மூன்றாம் தரப்புக்கென்று இடம் ஒதுக்கப்பட்டது. நுரையோடு காப்பி வந்தது. மீசையில் மூன்றாவது பாதி இல்லாததால், மஹ்ரூஸுக்கு மரியாதையாக எஃபெந்தி அன்றே தாடி விட ஆரம்பித்தார். நான் கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு மூட்டை இறக்கப் போனேன்.

“நில்லு ஷுக்ரி! என்ன பண்ற?”

“மாவை இறக்கறேன் எஃபெந்தி.”

“போர்த்தரப்போட சரக்கை நடுநிலைத் துறையில இறக்கறதா? பேரரசோட மானம் என்ன ஆகுறது?”

“அந்தக் கரியும் பிஸ்கட்டும் இறங்குச்சே?”

“அது ரெண்டு தரப்பும் ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டது. இவரு யாருக்குக் குடுப்பாரு? இவருக்கு எதிரியே இல்லையே!”

நான் கூலியாட்களைத் திருப்பி அனுப்பினேன். அவர் என் தோளைத் தட்டி மெதுவாகச் சொன்னார்: “அதோட இன்னொண்ணு. வந்த தரப்புக்கு வழிச்சாப்பாடு குடுக்கறது நம்ம கடமை. ஊருல மாவு எவ்வளவு மிச்சமிருக்கோ அதை ரொட்டியா சுட்டுப் படகுல ஏத்திடு.”

இரண்டு காவலர்கள் என் அடுப்படியில் வந்து நின்றார்கள். ஊரில் மிச்சமிருந்த கடைசி மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டேன். அதைக் கூடையில் சுமந்துபோய் மாவு மூட்டைகளுக்கு மேல் வைத்தேன். அழுகை வந்தது. மஹ்ரூஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாலத்தில் நின்ற ஜனங்கள் கூடை போன திசையையே பார்த்தார்கள்.

சிறிய போர்த்தரப்பு முதலில் கிளம்பட்டும், அதில் யாருக்கும் சலுகையில்லை என்று எஃபெந்தி தீர்த்தார். மஹ்ரூஸ் துறை வாசலைத் தாண்டினான். அந்தக் கொடியைப் பார்த்து ஹோல்ஸ்ட் குழம்பினார், பிரைஸும் குழம்பினார். நம் கூட்டாளியின் கொடியாக இது இல்லையே, அப்படியானால் எதிரி என்று இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். எங்கள் கரியிலும் பிஸ்கட்டிலும் தெம்பான இரு கப்பல்களும் பின்னாலேயே பாய்ந்து படகைப் பிடித்தன. மாவைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, ரொட்டியையும் தின்றுவிட்டு, தங்கள் தங்கள் வழியில் போயின. மஹ்ரூஸை ஒரு தோணியில் இறக்கிவிட்டார்கள். அவன் நனைந்துபோய்க் கரையேறினான்.

சில நாள் கழித்து அடுத்த தந்தி வந்தது. பேரரசு போரில் இறங்கிவிட்டது. எந்தப் பக்கம் என்று படிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஊர் மேளம் கொட்டியது. பசியில் கால் தள்ளாடியவர்களும் ஆடினார்கள். பஹிய்யா குலவையிட்டாள். சண்டைக்காரன் ஆகிவிட்டோம், இனி நமக்கும் சோறு உண்டு என்று எல்லாரும் நம்பினோம். நானும் அடுப்பைத் துடைத்து வைத்தேன்.

எஃபெந்தி மூச்சுவாங்க என் கடைக்கு வந்தார். அவருக்கும் வயிறு ஒட்டியிருந்தது. “ஷுக்ரி, இனி நம்ம படகு எந்த நடுநிலைத் துறைக்குப் போனாலும் காப்பி, ரொட்டி, கரி எல்லாம் குடுத்தே ஆகணும். சட்டம் அப்படி!”

“ரொம்ப சந்தோஷம் எஃபெந்தி. பக்கத்துல நடுநிலைத் துறை எது?”

அவர் தாடியைச் சொறிந்தபடி கடலைப் பார்த்தார்.

“நாமதான்ப்பா இருந்தோம்,” என்றார்.